என் நிறம் எந்தப் பருவம்? மூணு பேர் மூணு பதில் சொல்லிட்டாங்க

#1 கருவிழி

வணக்கம் எல்லாருக்கும். நாலு மாசமா மண்டையைக் குடையுற விஷயம் இது. இங்க கேட்டா தெளிவு கிடைக்கும்னு நம்பி எழுதுறேன்.

முகம், முடி, கண் மூணையும் பார்த்து நம்மள வசந்தம், கோடை, இலையுதிர், குளிர்னு ஒரு பருவத்துல சேர்த்து, அந்தப் பருவத்துக் கலர்தான் நமக்கு எடுக்கும்னு சொல்றாங்களே, அதைப் பத்தித்தான். நான் மாநிறத்தைவிட ஒரு படி கூடுதல். முடி கருகரு. கண்ணு ரொம்ப அடர்ந்த பழுப்பு, வெள்ளை விழி நல்ல பளிச். முதல்ல ஒரு செயலியில செல்ஃபி போட்டேன். "ஆழ்ந்த இலையுதிர்"னு வந்துச்சு. அதை நம்பி கடுகு மஞ்சள், துரு நிறம், பாசிப்பச்சைன்னு ஆறு மேல்சட்டை எடுத்தேன். லிப்ஸ்டிக்கையும் செங்கல் நிறத்துக்கு மாத்தினேன். கடுகு மஞ்சளைப் போட்டுப் போன முதல் நாளே கூட வேலை பாக்குறவங்க மூணு பேர் தனித்தனியா வந்து "உடம்பு சரியில்லையா, ராத்திரி தூங்கலையா"ன்னு கேட்டாங்க.

அப்புறம் காசு கட்டி ஒரு ஆலோசகர்கிட்ட போட்டோ அனுப்பினேன். "ஆழ்ந்த குளிர்"னு முடிவு வந்துச்சு. கூடவே, "உங்க நிறத்துக்குப் பளிச் கலர் எதுவும் வேண்டாம், இன்னும் கறுப்பாத் தெரிவீங்க"ன்னு ஒரு வரி. அந்த வரி இன்னும் உள்ள குத்துது. குளிர்காலம்னாலே பளிச் கலர்தான்னு எல்லா இடத்திலயும் போட்டிருக்கே, அப்புறம் எப்படி எனக்கு மட்டும் வேண்டாம்னு ஆகும்? மூணாவதா என் தோழி மணிக்கட்டு நரம்பைப் பார்த்துட்டு, "பச்சையும் தெரியுது, நீலமும் தெரியுது, நீ நடுவாந்தரம்"னுட்டா.

இதுல உண்மையிலேயே ஏதாவது இருக்கா? இருந்தா நானே எப்படிக் கண்டுபிடிக்கிறது?

#2 பனித்துளி

நரம்பு டெஸ்ட்டை நல்ல வெளிச்சத்துல திரும்பச் செஞ்சு பாருங்க தோழி. அதுல குழப்பம்னா தங்கம், வெள்ளி ரெண்டையும் கழுத்துகிட்ட வச்சுப் பாருங்க. தங்கம் எடுத்தா வார்ம், அதாவது மஞ்சள், பொன் சாயல். வெள்ளி எடுத்தா கூல், அதாவது ரோஜா, நீலச் சாயல். எனக்கு அதுலதான் விடை கிடைச்சது.

#3 சாயத்தொட்டி

வணக்கம் சகோதரி. நான் துணிச் சாயம் பொருத்தும் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன். ஒரு நிறத்தைச் சரியாகப் பார்ப்பது எப்படி என்பதுதான் எனக்கு அன்றாட வேலை, அதனால் அந்தப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

முதலில் நரம்பு. நரம்புக்குள் ஓடுவது கருஞ்சிவப்பு ரத்தம். அது நீலமாகவோ பச்சையாகவோ தெரிவதற்குக் காரணம், தோல் ஒளியைச் சிதறடிக்கும் விதமும், சுற்றியுள்ள தோலோடு நம் மூளை அதை ஒப்பிட்டுப் பார்ப்பதும். நரம்பு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, மேலே தோலுக்கு நிறம் தரும் மெலனின் எவ்வளவு என்பதைப் பொறுத்து அது மாறும். அடர்ந்த தோலில் பலருக்குப் பச்சையாகவே தெரியும். நரம்பு பச்சை என்றால் வார்ம் என்ற கணக்கை வைத்து அவர்கள் எல்லாரையும் வார்ம் என்று முடிவு கட்டினால் தப்பாகத்தான் போகும். பனித்துளி தோழிக்குத் தங்கம், வெள்ளியில் விடை கிடைத்தது சந்தோஷம். அதில் நரம்பைவிடக் கொஞ்சம் நியாயம் உண்டு, ஏனென்றால் அங்கே நிஜமாகவே ஒரு நிறத்தைத் தோலருகே வைத்துப் பார்க்கிறோம். ஆனால் உலோகத்தின் பளபளப்பு கண்ணை இழுத்துவிடும்.

அடுத்தது வெளிச்சம். எங்கள் ஆய்வகத்தில் ஒரு பெட்டி இருக்கும், உட்புறம் முழுக்க நடுநிலைச் சாம்பல். அதில் விளக்கை மாற்றி மாற்றிப் பார்ப்போம். 6500 கெல்வின் பகல் ஒளி ஒன்று, பழைய குண்டு பல்பு மாதிரி மஞ்சள் ஒளி ஒன்று, கடை டியூப்லைட் ஒளி ஒன்று. பகல் ஒளியில் அச்சு அசலாகப் பொருந்திய இரண்டு துணிகள் மஞ்சள் ஒளியில் வேறு வேறாகப் பிரிந்து நிற்பதை வாரத்தில் நாலு தரமாவது பார்ப்பேன். மெட்டமெரிசம் என்போம். துணிக்கே இந்தக் கதி என்றால் தோலுக்குக் கேட்கவா வேண்டும்? மலிவான வெள்ளை எல்ஈடிகள் பலவற்றில் சிவப்பு குறைவு. விளக்கு வரும் அட்டையில் போட்டிருக்கும் சிஆர்ஐ எண், அதாவது நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற மதிப்பெண், அடர்சிவப்பைக் கணக்கில் எடுப்பதே இல்லை. அந்த விளக்கின் கீழ் எந்த முகமும் சோகை பிடித்த மாதிரிதான் தெரியும்.

போன் கேமரா பற்றிச் சொல்லவே வேண்டாம். நீங்கள் மஞ்சள் சட்டை போட்டு நின்றால் அது ஒயிட் பேலன்ஸை, அதாவது படத்தின் நிறச் சமநிலையை, தானே திருத்தி உங்கள் முகத்தில் நீலத்தைக் கூட்டும். செயலியும் ஆலோசகரும் பார்த்தது உங்கள் முகத்தை இல்லை, கேமரா எழுதிய முகத்தை. இரண்டு பதில் வந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

#4 நேர்கோடு

நான் வெளிப்படையாகவே சொல்கிறேன். ஒரே ஆளை மூன்று பேர் பார்த்து மூன்று முடிவு சொன்னால் அதற்கு அளவீடு என்று பெயர் இல்லை. மனிதர்களை நாலு பெட்டியில் அடைத்து, பெட்டிக்கு ஒரு வண்ணப் புத்தகம் விற்கிறார்கள். கருவிழிக்கு அந்த ஆலோசகர் எழுதிய வரியைப் படித்துவிட்டு எனக்குக் கோபமே வந்தது. காசு கொடுத்து இதைக் கேட்க வேண்டுமா? பிடித்த நிறத்தைப் போடுங்கள் சகோதரி. அவ்வளவுதான்.

#5 அரிதாரப்பெட்டி

நேர்கோடு தம்பி, உங்க கோபம் நியாயம். ஆனா "பிடிச்சதைப் போடு"ன்னு சொன்னா இந்தப் பிள்ளைக்குப் பதில் கிடைக்காது. மூணு பேர் வந்து தூங்கலையான்னு கேட்டிருக்காங்களே, அது பொய்யில்லையே. அந்தக் கடுகு மஞ்சள் அவ முகத்தை ஏதோ செஞ்சிருக்கு. அது என்னன்னுதான் பாக்கணும்.

நான் இருபது வருஷத்துக்கு மேல மேக்கப் போடுறேன் மா. எல்லா நிறத்து முகமும் கை பட்டிருக்கு. நான் பருவப் பேரைக் கடைசியாத்தான் யோசிப்பேன். முதல்ல பாக்குறது மூணே மூணு. இந்த முகம் மஞ்சள், பொன் பக்கம் சாயுதா, இல்ல ரோஜா, நீலம் பக்கம் சாயுதா? முடி, கண், தோல் இதுக்குள்ள வித்தியாசம் எவ்வளவு? தெளிவான கலர் தாங்குமா, சாம்பல் கலந்த மங்கல் கலர்தான் ஒட்டுமா?

இதுல ஜனங்க பெரும்பாலும் தப்பு பண்றது முதல் கேள்வியில. கறுப்பு, சிவப்பு, மாநிறம்னு நாம சொல்றது எவ்வளவு அடர்த்தின்னு சொல்ற சொல்லு. அண்டர்டோன், அதாவது அந்தத் தோலுக்குள்ள இருக்கிற சாயல், வேற. ரொம்ப அடர்ந்த தோல்லயும் நீலச்சாயல் இருக்கும், செஞ்சாயல் இருக்கும், பொன் சாயல் இருக்கும். நல்ல வெளுத்த தோல்லயும் இந்த மூணும் இருக்கும். கறுத்த தோல்னாலே வார்ம்னு நினைச்சு ஆரஞ்சு ஃபவுண்டேஷனை அப்பி அனுப்பினவங்களை நான் எத்தனையோ தடவை துடைச்சுச் சரி பண்ணியிருக்கேன்.

கருவிழி, நீ உன்னைப் பத்தி எழுதினதுல எனக்கு முக்கியமாப் பட்டது "வெள்ளை விழி நல்ல பளிச்"னு எழுதினதுதான். கருகரு முடி, பளிச்சுன்னு விழி, அடர்ந்த தோல். அப்படி முகத்துக்குள்ளயே அழுத்தமான வித்தியாசம் இருக்கிறவங்களுக்கு மங்கின கலர் வச்சா முகம் அந்த மங்கலுக்கு இறங்கிப் போகும். கடுகு மஞ்சள்ங்கிறது மஞ்சள்ல பழுப்பு கலந்து மங்க வச்ச கலர். என் சந்தேகம், பிரச்சினை வார்ம், கூல்லயே இல்ல, அந்த மங்கல்லதான் இருக்கு.

#6 கருவிழி

அக்கா, இப்படி யாரும் பிரிச்சுச் சொன்னதே இல்ல. ஒரு சந்தேகம். ஃபவுண்டேஷன் எனக்கு எப்பவும் சாம்பல் பூத்த மாதிரி ஆயிடும். நிறம் சரியா எடுத்தாலும் ஒரு மணி நேரத்துல அப்படித்தான். அதுவும் இதோட சேர்ந்ததா?

#7 அரிதாரப்பெட்டி

சேர்ந்ததுதான் மா. ஃபவுண்டேஷன்ல கலர் குடுக்கிறது பெரும்பாலும் இரும்பு ஆக்ஸைடு. சிவப்பு, மஞ்சள், கறுப்புன்னு மூணு. வெள்ளைக்கு டைட்டானியம் டையாக்ஸைடு. அடர்ந்த ஷேடுலயும் அந்த வெள்ளையைத் தாராளமாப் போட்டு, கறுப்பை ஏத்தி இருட்டாக்கினா, வெள்ளையும் கறுப்பும் சேர்ந்து சாம்பல்தானே வரும்? சிவப்பும் மஞ்சளும் தேவையான அளவு இருக்கிற ஷேடைத் தேடு. கையில தடவிப் பாக்காத. தாடை எலும்பு ஓரமா மூணு கோடு இழு, ஜன்னல்கிட்டப் போய் நில்லு, கால் மணி நேரம் கழிச்சுப் பாரு. எந்தக் கோடு காணாமப் போகுதோ அதுதான் உன்னுது.

லிப்ஸ்டிக்குக்கும் ஒண்ணு சொல்லிடுறேன். உதட்டுக்குச் சொந்த நிறம் இருக்கு. உனக்கு உதடு ஓரம் கருத்து உள்பக்கம் ரோஜாவா இருந்தா, குழாய்ல தெரியுற கலர் வேற, உதட்டுல வர்ற கலர் வேற. வெளிறின நியூட் கலர், அதாவது தோல் நிறத்தை ஒட்டின கலர், அடர்ந்த உதட்டுல சுண்ணாம்பு மாதிரி நிக்கும். உன் உதட்டைவிட ஒரு படி ஆழமான நியூட் எடுத்தா போதும்.

#8 பழந்தாள்

சாயத்தொட்டி ஐயாவின் பதிவைப் படித்ததும் ஒரு பழைய கதை நினைவுக்கு வந்தது. இந்த விஷயம் தொடங்கியதே ஒரு சாயக்காரரிடம்தான்.

மிஷேல் யூஜின் செவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1824-இல் பாரிஸின் கோபலான் நெசவாலையில் சாயப் பிரிவுக்கு இயக்குநராகப் போகிறார். கறுப்புச் சாயத்தில் அழுத்தம் இல்லை என்று புகார். அவர் சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறையே இல்லை. கறுப்பு நூலின் பக்கத்தில் நீலமும் ஊதாவும் ஓடியதால்தான் கறுப்பு வெளிறித் தெரிந்திருக்கிறது. பக்கத்தில் இருக்கும் நிறம் நம் கண்ணில் ஒரு நிறத்தையே மாற்றிவிடும் என்பதை 1839-இல் ஒரு பெரிய நூலாகவே எழுதினார். 102 வயது வரை வாழ்ந்தவர். முகமும் துணியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்போது நடப்பதும் அதேதான்.

பிறகு 1919 முதல் 1923 வரை ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப் பள்ளியில் பாடம் நடத்திய யோஹன்னஸ் இட்டன். மாணவர்கள் தாமாகத் தேர்ந்தெடுக்கும் வண்ணங்களுக்கும் அவர்களுடைய தோல், முடி, கண் நிறங்களுக்கும் ஒரு உறவு இருப்பதைக் கவனித்தவர். நான்கு பருவ வண்ணங்களைப் பற்றியும் எழுதினார். ஆனால் அவர் ஆடை ஆலோசகர் அல்ல, ஓவிய ஆசிரியர். வீட்டுக்கு வீடு இதைக் கொண்டுபோனது 1980-இல் கேரல் ஜாக்சன் அமெரிக்காவில் வெளியிட்ட புத்தகம். நாலு பருவம் பன்னிரண்டாகப் பிரிந்தது அதற்கும் பின்னால். அரிதாரப்பெட்டி அம்மா கேட்ட மூன்று கேள்விகளும் அமெரிக்க ஓவியர் ஆல்பர்ட் மன்செல் 1905-லேயே வகுத்த மூன்று அளவுகளோடு ஒத்துப் போகின்றன: நிறச்சாயல், வெளிச்சம், செறிவு.

நேர்கோடு சொல்வதில் ஒரு முக்கியமான உண்மை இருக்கிறது. இந்த முறையைப் பரப்பியவர்கள் கண் முன்னால் வைத்திருந்தது ஐரோப்பிய முகங்கள். பொன்முடிக்கு, செம்முடிக்கு, நீலக் கண்ணுக்கு நுணுக்கமாக வேறுபாடு பார்த்தவர்கள், கருங்கூந்தலும் கருவிழியும் வந்தால் பெரும்பாலும் "குளிர்காலம்" என்று ஒரே பெட்டியில் போட்டார்கள். உலகத்தில் பெரும்பாலான மக்களுக்குக் கருங்கூந்தல்தான்! பெயர்களும் அவர்களுடைய பருவங்கள். கோடை என்றால் நமக்குச் சுட்டெரிக்கும் வெயில். இந்தக் கணக்கிலோ கோடை என்பது கூல், மெல்லிய, பனிமூட்டம் போன்ற நிறங்கள். தமிழில் படிப்பவர்கள் பாதிப் பேர் இந்த இடத்திலேயே தடுக்கி விழுகிறார்கள்.

#9 நேர்கோடு

பழந்தாள், இது எனக்குப் புதிய செய்தி, நன்றி. பக்கத்து நிறம் தோற்றத்தை மாற்றும் என்பதை நான் மறுக்கவே இல்லை, ஒத்துக்கொள்கிறேன். மறுப்பது பெட்டியை. பன்னிரண்டு என்ன, நூறாகப் பிரித்தாலும் எல்லைக்கோட்டில் யாராவது நிற்பார்கள்.

தோல் நிறத்துக்கு ஏற்கெனவே அளவுகோல்கள் இருக்கின்றனவே, அவற்றைப் பயன்படுத்தக் கூடாதா? 1975-இல் வந்த ஃபிட்ஸ்பாட்ரிக் வகைகள், 2022-இல் கூகுள் வெளியிட்ட மங்க் அளவுகோல்?

#10 சாயத்தொட்டி

ஃபிட்ஸ்பாட்ரிக் புற ஊதா ஒளிச் சிகிச்சைக்கு வந்தது தம்பி. வெயில் பட்டால் தோல் எரியுமா, கறுக்குமா என்றுதான் கேட்கும். மங்க் அளவுகோலில் 10 படிகள் இருக்கின்றன. அடர்ந்த நிறங்களுக்கு நல்ல இடம் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் அது வெளிச்சம்–அடர்த்தி வரிசை. எந்தச் சாயல் என்று அது சொல்லாது.

நீங்கள் சொன்ன எல்லைக்கோடு சரிதான். நாங்களும் துணியைப் பெட்டி போட்டுப் பிரிப்பதில்லை. ஒரு நிறத்துக்கு மூன்று எண் கொடுத்து, இன்னொன்றிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்றுதான் பார்ப்போம். பருவம் என்பது வரைபடத்தில் ஒரு ஊர்ப்பெயர் மாதிரி. ஊரின் பெயர் தெரிந்தால் போய்ச் சேர வசதி, ஆனால் நம் வீடு எல்லையிலும் இருக்கலாம்.

இன்னொன்று. துணி முகத்தில் இரண்டு வேலை செய்கிறது, இரண்டும் எதிரெதிர்த் திசை. தாடைக்குக் கீழே துணியில் பட்ட ஒளி எதிரொளித்து அதே நிறத்தை நிழலில் ஏற்றும். மேலே கன்னத்திலோ, செவ்ரல் சொன்ன மாதிரி, கண் எதிர்நிறத்தைக் கூட்டிக் காட்டும். கடுகு மஞ்சள் போட்டால் கழுத்து நிழல் மஞ்சளாகவும், முகம் கொஞ்சம் சாம்பல்நீலமாகவும் தெரியும். தூங்காத முகம் என்று மூன்று பேர் சொன்னது இதைத்தான்.

#11 அரிதாரப்பெட்டி

இதை நான் வருஷக்கணக்கா கண்ணால பாத்திருக்கேன், காரணம் இன்னைக்குத்தான் தெரிஞ்சுது ஐயா.

கருவிழி, நாளைக்குக் காலையில இதைச் செய். மேக்கப் சுத்தமா வேண்டாம். முடியை வெள்ளைத் துணியால மூடிக் கட்டு. வெயில் நேரா விழாத ஜன்னலைப் பாத்து உக்காரு, முகம் பாக்குற கண்ணாடி ஜன்னல் பக்கம் இருக்கட்டும். அறை விளக்கை எல்லாம் அணைச்சிடு. வீட்டுல இருக்கிற துணி எதுவானாலும் பரவாயில்ல, துண்டு, போர்வை, துப்பட்டா. கலர் கலரா தாடைக்குக் கீழ வச்சு டக்கு டக்குனு மாத்து. மெதுவா மாத்தினா கண்ணு பழகிடும். துணியைப் பாக்காத, முகத்தைப் பாரு. கண்ணுக்குக் கீழ கருவளையம், வாயோரக் கோடு, தாடை விளிம்பு. இந்த மூணு இடம் போதும். கூட ஒரு ஆளை வச்சுக்கோ. கலர் பேரைச் சொல்லாத, முகம் எப்போ தெளிஞ்சு தெரியுதுன்னு மட்டும் சொல்லச் சொல்லு.

#12 மைக்கூடு

இடையில் ஒரு கேள்வி. எனக்கு ஐம்பது தாண்டியாச்சு, தாடி பாதிக்கு மேல் நரை. ஆண்களுக்கும் இதே சோதனைதானா? நரை வந்தால் பருவம் மாறிவிடுமா?

#13 அரிதாரப்பெட்டி

இதே சோதனைதான் ஐயா. நரை வந்ததும் தோலோட சாயல் தலைகீழா மாறிடாது. முடிக்கும் தோலுக்கும் உள்ள வித்தியாசம்தான் மாறும். வெளுத்த தோலா இருந்தா வித்தியாசம் குறையும், அழுத்தமான கறுப்புச் சட்டைக்குப் பதிலா கருநீலம், கரிச்சாம்பல் வச்சுப் பாருங்க. அடர்ந்த தோல்ல வெள்ளைத் தாடின்னா வித்தியாசம் கூடும், அப்போ தூய வெள்ளைச் சட்டையே அழகா நிக்கும்.

#14 கருவிழி

செஞ்சு பாத்துட்டேன்! தங்கச்சி பக்கத்துல உக்காந்து சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டேன். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல கடுகு மஞ்சள். தாடைக்குக் கீழ ஒரு பழுப்புப் பட்டை விழுந்துச்சு, கழுத்தும் தாடையும் எங்க பிரியுதுன்னே தெரியல. கருவளையம் கீழ இறங்கி மூக்கோரம் வரைக்கும் வந்த மாதிரி இருந்துச்சு. தங்கச்சி "அக்கா, இது வேணாம்"னு உடனே சொல்லிட்டா. துரு நிறமும் அப்படியே. பாசிப்பச்சை அவ்வளவு மோசமில்ல, ஆனா முகத்துல ஒண்ணுமே நடக்கல.

அப்புறம் மாம்பழ மஞ்சள் போர்வை ஒண்ணு இருந்துச்சு, நல்ல தெளிவான மஞ்சள். இதுவும் மஞ்சள்தானேன்னு பயந்துகிட்டே வச்சேன். கருவளையம் குறைஞ்சு போச்சு! அந்தக் கடுகு அளவுக்கு வாட்டவே இல்ல. அரிதாரப்பெட்டி அக்கா சொன்னது அப்படியே சரி, மஞ்சள்ல இல்ல விஷயம், மங்கல்லதான்.

ஆனா உண்மையான அதிர்ச்சி வாடாமல்லி நிறத் துப்பட்டாவும் மயில்கழுத்து நீலமும். அதை வச்சதும் தாடை விளிம்பு கோடு போட்ட மாதிரி தெளிஞ்சுது. வெள்ளை விழி இன்னும் வெள்ளையாச்சு. நான் கண்ணாடியைப் பாத்துட்டு அப்படியே உக்காந்திருந்தேன். இந்தக் கலர் எல்லாம் "உன் நிறத்துக்கு அடிக்கும்"னு சின்ன வயசுலேருந்து சொல்லிச் சொல்லி நான் வாங்கினதே இல்ல. அந்தத் துப்பட்டாகூட தங்கச்சியுடையது.

தூய வெள்ளையும் நல்லா இருந்துச்சு. தோல் கொஞ்சம் அடர்த்தியாத் தெரிஞ்சுது, அதை மறைக்காமச் சொல்றேன். ஆனா தெளிவா, மினுமினுன்னு இருந்துச்சு. சந்தன நிறம் வச்சப்போ தோல் வெளுத்துத் தெரிஞ்சுது, முகம் செத்துப்போச்சு. வெளுப்பாத் தெரியுறதும் நல்லாத் தெரியுறதும் ரெண்டும் வேற வேறன்னு எனக்கு இப்போதான் கண்ணுல பட்டுச்சு. அந்த ஆலோசகர் பாத்தது முதல் விஷயத்தை மட்டும்.

தங்கம், வெள்ளி ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியல.

#15 அரிதாரப்பெட்டி

படிக்கும்போதே கண்ணு கலங்கிடுச்சு மா. தங்கம், வெள்ளி ரெண்டும் ஒத்துப்போச்சு, தெளிவு தேவைப்படுது, வித்தியாசம் தேவைப்படுது. பேர் வேணும்னா "தெளிந்த குளிர்"னு வச்சுக்கோ, வசந்தத்து எல்லையை ஒட்டின பக்கம். மாம்பழ மஞ்சள் ஒட்டினது அதனாலதான். பேரைவிட அந்த நாலு துணியை ஞாபகம் வை, கடைக்குப் போறப்போ அதுல ஒரு துண்டு வெட்டிப் பையில போட்டுக்கோ. லிப்ஸ்டிக்ல செங்கல்லை விட்டுட்டு, நீலம் கலந்த சிவப்பு, இல்ல நாவல்பழ நிறம். கண்மையைத் தாராளமாப் போடு, உன் முகத்துல இருக்கிற அழுத்தத்தை அது கூட்டித்தான் காட்டும்.

#16 நேர்கோடு

கருவிழி, வாழ்த்துகள். சோதனையை இப்படிச் செய்தால் நான் எதிர்க்க எதுவுமில்லை. தங்கையிடம் நிறத்தின் பெயரைச் சொல்லாமல் கேட்டது நல்ல முறை. வார இறுதியில் நானும் ஜன்னல் ஓரம் உட்காரப் போகிறேன்.

#17 கருவிழி

நன்றி எல்லாருக்கும். கடைசியா ஒண்ணு, சாயத்தொட்டி ஐயாகிட்ட. அந்த ஆறு சட்டையோட துரு நிறத்துல ஒரு பேன்ட்டும் சேர்ந்து வந்தது. அது இடுப்புக்குக் கீழ, முகத்துகிட்ட வராது, அதனால வச்சுக்கிறேன். ஆனா கடுகு மஞ்சள் சட்டை நல்ல பருத்தி, தையல் எனக்கு அவ்வளவு பிடிச்சிருக்கு, தூக்கிப் போட மனசில்ல. வேற கலருக்குச் சாயம் ஏத்த முடியுமா?

#18 சாயத்தொட்டி

முடியும் சகோதரி, பருத்தி என்பதால் ரியாக்டிவ் சாயம் நன்றாகப் பிடிக்கும். ஆனால் அடியில் இருக்கும் மஞ்சள் போகாது, அதன் மேல்தான் புதிய நிறம் உட்காரும். நீலம் ஏற்றினால் உங்களுக்கு மயில்கழுத்து கிடைக்காது, மங்கின பச்சைதான் வரும், திரும்பவும் அதே தொல்லை. வாடாமல்லி ஏற்றினால் செங்கல் பக்கம் போய்விடும். கறுப்பு மட்டும்தான் அந்த மஞ்சளை முழுசாக விழுங்கும். சாதாரணமாகப் போடுவதைவிட அளவைக் கூட்டி, அடர் கறுப்பாகப் போடச் சொல்லுங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். தைத்த நூல் பாலியெஸ்டராக இருந்தால் இந்தச் சாயம் அதில் ஏறாது. சட்டை கறுப்பாகும், தையல் மட்டும் கடுகு மஞ்சளாகவே நிற்கும்.

#19 கருவிழி

காலரையும் கைமடிப்பையும் வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தேன் ஐயா. நூல் பளபளன்னு இருக்கு, பாலியெஸ்டர்தான்னு நினைக்கிறேன். கறுப்புல மெல்லிசா ஒரு மஞ்சள் கோடு ஓடினா அழகாத்தான் இருக்கும்னு தங்கச்சி சொல்றா. நாளைக்கே சாயத்துக்குக் குடுக்கிறேன்.